கேரியஸ் தலையில பட்ட முழங்கை: கன்கஷன்னா என்ன, பழியை யார் மேல போடறது

ஐரோப்பிய க்ளப் டீம்களோட பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல, 2018 ஃபைனல்ல லிவர்பூல் கீப்பர் கேரியஸ் தப்பால ரெண்டு கோல் போனதைப் பத்தி பேச்சு எடுத்தாலே போதும், ஃபுட்பால் பாக்குற பசங்க ரெண்டா பிரிஞ்சிடுவாங்க. ஒருத்தன் "அவனுக்கு தலையில அடிபட்டிருந்துச்சுடா, பாவம்"னு சொல்வான், இன்னொருத்தன் "மேட்ச் முடிஞ்சு அஞ்சு நாள் கழிச்சு அமெரிக்கால போய் ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தா நாங்க நம்பிடணுமா"ன்னு கேப்பான். அதுக்கப்புறம் விடிய விடிய அதே சண்டைதான். மேட்ச் அன்னைக்கு ராத்திரி கேரியஸை வாய்க்கு வந்தபடி திட்டினவங்கள்ல நானும் ஒருத்தன், அதை மறைக்க விரும்பல. அப்புறம் இந்த கன்கஷன்ங்கிற மூளையதிர்ச்சியை பத்தி தேடித்தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது, ரெண்டு பக்கமுமே அடிப்படை தெரியாமத்தான் பேசிட்டிருக்கோம்னு. மருத்துவப் படிப்பு எதுவும் தேவையில்ல, பொறுமையா படிச்சா போதும், முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு

2018 மே 26, உக்ரைன் தலைநகர் கீவ், ரியல் மாட்ரிட் லிவர்பூல் மேட்ச், நமக்கு நடுராத்திரி 12.15க்கு ஆரம்பிச்சுது. அரை மணி நேரத்துல லிவர்பூலோட சலா தோள்ல அடிபட்டு அழுதுகிட்டே வெளிய போனார், மாட்ரிட் டிஃபெண்டர் ராமோஸ் கையைக் கோத்துக்கிட்டு சேந்து விழுந்ததுல வந்தது அது. எல்லார் கோவமும் அங்கயே நின்னு போச்சு. அதனாலயே செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு மூணு நிமிஷம் வாக்குல நடந்த இன்னொன்னை பெரும்பாலானவங்க கவனிக்கவே இல்ல. லிவர்பூல் கோல் முன்னாடி ராமோஸ் ஓடி வர்றார், அவர் முழங்கை கீப்பர் லோரிஸ் கேரியஸ் தலைப்பக்கம் படுது, கேரியஸ் கீழ விழறார், எழுந்து ரெஃப்ரியைப் பாத்து முறையிடறார், ஆட்டம் அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கு.

அடுத்த சில நிமிஷத்துல, 51வது நிமிஷம், கையில பத்திரமா பிடிச்ச பந்தை தன்னோட டிஃபெண்டருக்கு உருட்டி விடறார் கேரியஸ், கிட்டயே நின்ன மாட்ரிட்டோட பென்சீமா சும்மா காலை நீட்டறார், பந்து அதுல பட்டு ரொம்ப மெதுவா, பாத்துட்டு இருக்கிறவங்களுக்கே வலிக்கிற வேகத்துல, கோலுக்குள்ள உருண்டு போகுது. லிவர்பூலோட மானே உடனே ஒன்னு திருப்பிப் போட்டார். அப்புறம் மாட்ரிட்டோட பேல் சப்ஸ்டிட்யூட்டா வந்து அந்தரத்துல தலைகீழா ஒரு கோல் அடிச்சார், அதை எந்த கீப்பரும் தடுத்திருக்க முடியாது. 83வது நிமிஷம் அதே பேல் ரொம்ப தூரத்துல இருந்து ஓங்கி அடிச்ச பந்து கேரியஸை நோக்கித்தான் வந்துச்சு, கையில பட்டு நழுவி உள்ள போயிடுச்சு. 3-1.

விசில் அடிச்சதும் அவர் தரையில குப்புறப் படுத்துட்டார். அப்புறம் தனியா எழுந்து லிவர்பூல் ரசிகர்கள் உக்காந்திருந்த பக்கம் போய் ரெண்டு கையையும் கூப்பி அழுதுகிட்டே மன்னிப்பு கேட்டார். 24 வயசுப் பையன். அன்னைக்கே அவருக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல் வர ஆரம்பிச்சு, போலீஸ் விசாரிக்கிற அளவுக்குப் போச்சு.

மே 31 அன்னைக்கு பாஸ்டன்ல இருக்கிற மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல அவரைப் பரிசோதிச்சாங்க. ஜூன் 4ஆம் தேதி அறிக்கை வெளிய வந்துச்சு: மேட்ச்சுல அவருக்கு கன்கஷன் ஆகியிருக்கு, பரிசோதிச்ச அன்னைக்கும் கண்ணால தூரத்தையும் இடத்தையும் கணிக்கிற திறன்ல கோளாறு மிச்சம் இருந்துச்சு, அது அடிபட்ட உடனேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம், அது அவரோட ஆட்டத்தை பாதிச்சிருக்கலாம்னு. "பாதிச்சிருக்கலாம்"ங்கிற அந்த வார்த்தையை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி அதுக்கு வரேன்.

மண்டைக்குள்ள என்ன ஆகுது

கன்கஷன்னா தமிழ்ல மூளையதிர்ச்சி. தலையிலயோ உடம்புலயோ விழற ஒரு அடியால மூளை உள்ளுக்குள்ள குலுங்கி, கொஞ்ச நேரத்துக்கோ கொஞ்ச நாளைக்கோ அதோட வேலை தடுமாறறது, அவ்வளவுதான் அர்த்தம். எலும்பு உடையறது வேற, ரத்தம் கசியறது வேற.

மூளைன்னதும் நம்மள்ல நிறைய பேர் கெட்டியான ஒரு பொருளை நினைச்சுக்கறோம். அது கிட்டத்தட்ட ஒன்னரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கிற, கொழகொழன்னு மெத்துனு இருக்கிற ஒரு பொருள். சுத்தி ஒரு திரவம், அதுக்கு வெளிய மண்டை ஓடு. கெட்டித் தயிரை டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி பஸ்ல எடுத்துட்டுப் போறீங்கன்னு வைங்க. டிரைவர் சடன் பிரேக் போடறார். டப்பாவுக்கு ஒரு கீறல் கூட இல்ல, மூடி கழண்டு வரல, ஆனா வீட்ல போய் திறந்தா தயிர் உடைஞ்சு தண்ணி விட்டிருக்கும். டப்பா நல்லா இருக்குங்கிறதை வச்சு தயிர் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது.

முன்னயும் பின்னயும் போற குலுக்கல் மட்டும் இல்ல, தலை சட்டுனு ஒரு பக்கமா திரும்பற அடிதான் இன்னும் மோசம். அப்ப மூளையோட வெவ்வேற பகுதி வெவ்வேற வேகத்துல சுத்தும், நடுவுல இருக்கிற நரம்பிழைகள் இழுபடும். நரம்பிழைன்னா ஒரு மூளை செல்லுல இருந்து இன்னொன்னுக்கு சேதி கொண்டு போற மெல்லிசான ஒயர் மாதிரி. துண்டாகணும்னு அவசியமில்ல, இழுபட்டாலே சேதி போறது தடுமாறும்.

இதை வச்சே அடிக்கடி வர்ற ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிடலாம், "எல்லாரும் பீட்டர் செக் மாதிரி ஹெல்மெட் போட்டா என்ன?"ங்கிற கேள்வி. 2006 அக்டோபர்ல ரெடிங் டீம் கூட ஆடும்போது செல்சி கீப்பர் செக்குக்கு மண்டை ஓடே உடைஞ்சுது, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அந்த மெத்துனு கவசத்தோடதான் ஆடினார். உடைஞ்ச எலும்புக்கு அது பாதுகாப்பு, ஆனா உள்ள மூளை குலுங்கறதை வெளிய போடற உறையால நிறுத்த முடியாது. டப்பாவுக்கு துணி சுத்தினா டப்பாவுக்குத்தான் கீறல் விழாது.

ஸ்கேன்ல ஒன்னும் தெரியலையே

கொஞ்சம் சிக்கலான இடம் இதுதான், ஆனா இது புரிஞ்சா பாதி சண்டை தீந்துடும்.

மழைக்காலத்துல அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல தண்ணி புகுந்துட்டா என்ன பண்ணுவோம், மோட்டார் போட்டு இறைப்போம். அதே நேரத்துல வோல்டேஜும் கம்மியா வந்தா? மோட்டார் முக்கும், தண்ணி வடியாது, அந்த மோட்டாரே கரண்டை இழுத்துக்கிறதால மேல வீட்ல லைட் மங்கும், லிஃப்ட் பாதில நிக்கும். அடிபட்ட மூளை செல்லுல கிட்டத்தட்ட இதேதான் நடக்குது. மூளை செல் வேலை செய்யணும்னா உள்ள இருக்கவேண்டிய பொட்டாசியம் உள்ளயும் வெளிய இருக்கவேண்டிய கால்சியம் வெளியவும் இருக்கணும். இழுபட்டதும் சுவர் கசிஞ்சு பொட்டாசியம் வெளிய ஓடும், கால்சியம் உள்ள புகும். அதை பழையபடி ஆக்க செல்லுக்குள்ள இருக்கிற குட்டிக்குட்டி பம்புகள் முழு வேகத்துல ஓடும், அதுக்கு எக்கச்சக்க சர்க்கரை தேவைப்படும், ஆனா சரியா அந்த நேரம் பாத்து மூளைக்கு வர்ற ரத்த ஓட்டம் குறையுது. செலவு ஏறுது, வரவு இறங்குது. அந்தப் பற்றாக்குறையிலதான் யோசனை மெதுவாகுது, தலை சுத்துது, வெளிச்சம் கண்ணைக் கூசுது, ஞாபகம் நழுவுது.

சாதாரண ஸ்கேன் என்ன பண்ணுது, கட்டடத்தை போட்டோ எடுக்குது. சுவர் இடிஞ்சிருக்கா, ரத்தம் தேங்கியிருக்கான்னு காட்டும், அதுக்கு அது ரொம்ப முக்கியமான கருவி. ஆனா உள்ள வோல்டேஜ் எவ்வளவு வருதுன்னு போட்டோல தெரியுமா? அதனாலதான் கன்கஷன் ஆன நிறைய பேருக்கு ஸ்கேன் நார்மலா வருது. டாக்டர்கள் கேள்வி கேட்டு, ஒத்தைக்கால்ல நிக்கச் சொல்லி, கண் அசைவைப் பாத்து, வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. பாஸ்டன்ல அஞ்சு நாள் கழிச்சும் கண்டுபிடிச்சாங்கன்னா அதுல மர்மம் ஒன்னும் இல்ல, இந்தப் பற்றாக்குறை நாள்கணக்குல நீடிக்கும், சிலருக்கு வாரக்கணக்குல.

அதாவது, மூளை குலுங்குது, ஒயர்கள் இழுபடுது, செல்லுக்குள்ள வரவுக்கு மேல செலவு ஆகுது. வெளிய காயம் இல்லாமலும் இருக்கலாம், ஸ்கேன் சுத்தமாவும் இருக்கலாம்.

மயக்கம் போட்டு விழலையே, அப்புறம் என்ன?

சினிமால மண்டைல அடிச்சதும் ஆள் சுருண்டு விழுவான், அப்பதான் அடி பலம்னு நமக்குப் பதிஞ்சு போயிருக்கு. நிஜத்துல கன்கஷன் ஆனவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் நினைவு தப்பும். மத்தவங்க நிப்பாங்க, நடப்பாங்க, ஓடுவாங்க, பந்தையும் பாஸ் பண்ணுவாங்க.

இதுக்கு கிறிஸ்டோஃப் கிராமரைத் தாண்டி ஒரு உதாரணம் கிடையாது. 2014 உலகக்கோப்பை ஃபைனல், மரக்கானா மைதானம், ஜெர்மனி அர்ஜென்டினா. கெதிராவுக்கு வார்ம்அப்ல பிரச்சனைன்னு கடைசி நேரத்துல உள்ள வந்த பையன் கிராமர். 17வது நிமிஷம் அர்ஜென்டினாவோட கராய் தோள் முகத்துல மோதி கீழ விழுந்தார், ஃபிசியோ வந்து பாத்தாங்க, திரும்ப ஆட வந்துட்டார். அப்புறம் ரெஃப்ரி ரிட்சோலிகிட்ட போய், இது ஃபைனலான்னு கேட்டிருக்கார். ரெஃப்ரி முதல்ல விளையாட்டுக்குக் கேக்கறார்னு நினைச்சிருக்கார். கிராமர் திரும்பவும் கேக்கவும்தான் பயந்து போய் ஜெர்மனி டீம்ல ஆடின ஷ்வைன்ஷ்டைகர்கிட்ட சொல்லியிருக்கார். 31வது நிமிஷம்தான் அவரை வெளிய எடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட 14 நிமிஷம் உலகக்கோப்பை ஃபைனல்ல ஒரு ஆள் தான் எங்க இருக்கோம்னு தெரியாமலே ஓடிட்டிருந்திருக்கார், டிவில பாத்த கோடிக்கணக்கான பேருக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இன்னிக்கு வரைக்கும் அந்த மேட்ச்ல ஆடினது அவருக்கு சரியா ஞாபகம் இல்ல.

இன்னொரு விஷயம், அறிகுறி உடனே வரணும்னும் இல்ல. கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு 2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கும், ஆர்ச்சர் பவுன்சர் கழுத்துல பட்டு ஸ்டீவ் ஸ்மித் விழுந்தார், சோதனை எல்லாம் பண்ணி பாஸ் ஆகி அதே இன்னிங்ஸ்ல திரும்ப பேட்டிங்கும் பண்ணி 92 அடிச்சார், ஆனா மறுநாள் காலைலதான் தலைவலியும் மந்தமும் வந்து ஆட்டத்துல இருந்தே விலகினார். ஸ்மித் அன்னைக்கு நடிக்கலைன்னு நம்பற அதே ஆள், கேரியஸ் அஞ்சு நாள் கழிச்சு சொன்னா மட்டும் ஏன் நாடகம்னு சொல்லணும்? டாட்டன்ஹாம்ல ஆடின வெர்டோங்கன் கதையும் இருக்கு, 2019 ஏப்ரல்ல அயாக்ஸ் கூட ஆடும்போது தலை மோதி ரத்தம் கொட்ட, துடைச்சுட்டு திரும்ப உள்ள வந்து சில நிமிஷத்துல நிக்கவே முடியாம வெளிய போனார். அதுக்கப்புறம் ஒன்பது மாசம் தலைசுத்தலும் தலைவலியும் இருந்துச்சுன்னு அவரே பின்னாடி சொன்னார், அந்த ஒன்பது மாசமும் அவர் ஃபார்ம் போச்சு வயசாயிடுச்சுன்னு ரசிகர்கள் திட்டிட்டிருந்தாங்க.

கண்ணு பாக்குறது வேற, கணிக்கிறது வேற

பாஸ்டன் அறிக்கையில சொன்ன அந்தக் கோளாறு என்னன்னு கொஞ்சம் பாத்துடலாம். மவுண்ட் ரோடை கிராஸ் பண்ண நிக்கறீங்க. தூரத்துல பஸ் வருது. பஸ் தெரியுறது கண்ணோட வேலை. ஆனா அது எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு வேகம், நான் இப்ப இறங்கினா அந்தப்பக்கம் போயிடுவேனான்னு ஒரு நொடில முடிவு பண்றது மூளை. இதைத்தான் காட்சி-இடக் கணிப்புன்னு சொல்லலாம். இது தடுமாறினா எல்லாம் பளிச்சுனு தெரியும், ஆனா கணக்கு தப்பும்.

இப்ப அந்த ரெண்டு கோலையும் திரும்ப நினைச்சுப் பாருங்க. முதல் கோல்ல, பென்சீமா எங்க நிக்கிறார், நான் உருட்டற பந்து அவர் காலுக்கு எட்டுமாங்கிற கணிப்பு. கடைசி கோல்ல, வேகமா வர்ற பந்தோட பாதையை கணிச்சு எந்த நொடில கையை எப்படி வைக்கணும்ங்கிற கணிப்பு. ரெண்டுமே அந்தத் திறன் மேல நிக்கிற வேலைங்கதான். கீப்பர் வேலையே அதுதானேன்னு நீங்க கேக்கலாம், ஆமா, அதனாலதான் கீப்பருக்கு கன்கஷன் ஆனா விலை ரொம்ப ஜாஸ்தி. ஃபார்வர்டு அரை நொடி தாமதிச்சா ஒரு சான்ஸ் போகும், கீப்பர் தாமதிச்சா ஸ்கோர்போர்டு மாறும்.

அப்போ அடிபட்டதாலதான் அந்த கோல் போச்சுன்னு நிரூபிக்க முடியுமா?

முடியாது. இதை சொல்லித்தான் ஆகணும், கேரியஸ் பக்கம் பேசறவங்க இங்கதான் ஒரு படி மேல போயிடறாங்க.

ஒரு பையன் 102 டிகிரி காய்ச்சலோட பரிட்சை எழுதறான், 38 மார்க் வாங்கறான். காய்ச்சல் அவன் மார்க்கை பாதிச்சிருக்குமா? எந்த டீச்சரைக் கேட்டாலும் பாதிச்சிருக்கும்னுதான் சொல்வாங்க. சரி, ஏழாவது கேள்விக்கு தப்பா விடை எழுதினது காய்ச்சலாலயா? அதை யாராலயும் சொல்ல முடியாது, நல்லா இருந்த நாள்லயும் ஏழாவது கேள்வியை அவன் தப்பா எழுதியிருக்கலாம். மொத்தமா பாத்தா தெரியற பாதிப்பு தனித்தனி கேள்வில தெரியாது. டாக்டர்கள் "பாதிச்சிருக்கலாம்"னு சொன்னதுக்கு அர்த்தம் இதுதான். அது நழுவல் பேச்சு இல்ல, அவங்களால நேர்மையா சொல்ல முடிஞ்ச எல்லை அதுவரைக்கும்தான்.

எதிர்ப்பக்கம் சொல்ற ஒரு பாயிண்டும் உண்மைதான். அடிபடறதுக்கு முன்னாடியும் கேரியஸ் தப்பு பண்ணியிருக்கார், 2016 டிசம்பர்ல போர்ன்மத் கூட 4-3ல தோத்தப்ப கடைசி கோல் அவர் பந்தை நழுவ விட்டதுலதான் போச்சு. ஃபைனலுக்கு அப்புறம், 2018 ஜூலைல டிரான்மியர் கூட ஆடின ப்ராக்டிஸ் மேட்ச்லயும் ஒரு ஃப்ரீகிக்கை நழுவ விட்டார். லிவர்பூல் அந்த மாசமே ரோமால இருந்து அலிசன்ங்கிற கீப்பரை வாங்கிட்டாங்க, ஆகஸ்ட்ல கேரியஸை துருக்கி க்ளப் பெசிக்தாஸுக்கு லோன்ல அனுப்பினாங்க. ஏற்கனவே நாப்பது மார்க் வாங்கிட்டிருந்த பையனுக்கும் காய்ச்சல் வரும்ல? அவன் சுமாரா படிக்கிறவன்ங்கிறது காய்ச்சல் இல்லைன்னு ஆகாது, காய்ச்சல் வந்துச்சுங்கிறது அவன் ஃபர்ஸ்ட் ரேங்க்னும் ஆகாது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், இதை ஏத்துக்கறது ஏனோ நமக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கு.

சாக்கு, காரணம், பொறுப்பு

இந்த மூணு வார்த்தையையும் போட்டுக் குழப்பறதுலதான் சண்டையே கிளம்புது. காரணம்ங்கிறது ஏன் நடந்துச்சுங்கிறது. சாக்குங்கிறது தப்பிக்கிறதுக்காக சொல்றது. பொறுப்புங்கிறது யார் அதைத் தடுத்திருக்கணும்ங்கிறது. லிவர்பூல் மேனேஜர் கிளாப் அப்பவே சொன்னார், இதை நாங்க சாக்கா சொல்லல, விளக்கமாத்தான் சொல்றோம்னு. கேரியஸும் மேட்ச் முடிஞ்ச ராத்திரி தலையைப் பத்தி வாயே திறக்கல, நான்தான் தோக்க வச்சேன்னுதான் சொன்னார். சாக்கு தேடற ஆளா இருந்தா அன்னைக்கே, கேமரா முன்னாடியே, முழங்கையைக் காட்டியிருப்பாரே.

"அப்ப அவனே தலை சரியில்லைன்னு வெளிய வந்திருக்கலாமே, ஆடினது அவன் முடிவுதானே?" இதுதான் நான் அதிகமா கேட்ட கேள்வி. இதுக்குத்தான் இந்தக் கட்டுரையே எழுதறேன்.

கால்ல அடிபட்டா மூளை சொல்லும், கால் வலிக்குது நிறுத்துன்னு. மூளையிலயே அடிபட்டா யார் சொல்றது? ஒரு தராசு கோளாறா இருக்கு, அது சரியா இருக்கான்னு அதே தராசுல எடை போட்டுப் பாத்தா என்ன காட்டும்? அடிபட்ட ஆள்கிட்டப் போய் "நீ ஓகேவா"ன்னு கேட்டு, அவன் "ஓகே"ன்னதும் விடறது அந்த மாதிரிதான். அவன் பொய் சொல்லல. அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் தோணுது.

போன வருஷம் எங்க டர்ஃப்ல நடந்ததை சொல்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி மேட்ச், கார்னர்ல ஹெட் பண்ண எகிறின ரெண்டு பேர் மண்டை மோதிக்கிச்சு, டொக்குனு ஒரு சத்தம். ஒருத்தனுக்கு புருவத்துல லேசா கிழிஞ்சு ரத்தம், எல்லாரும் அவனைச் சுத்தி நின்னுட்டோம். இன்னொருத்தன் எழுந்து ஷார்ட்ஸைத் தட்டிட்டு "ஒன்னும் இல்ல மச்சான், போடுங்கடா பந்தை"ன்னான், நாங்களும் போட்டோம், அவன் இருபது நிமிஷம் ஆடினான், ஒரு கோலும் அடிச்சான். முடிச்சுட்டு டீக்கடைல நிக்கறோம். "மச்சி, நாம ஜெயிச்சோமா?"ன்னான். "4-2டா, நீதானே கடைசி கோல் போட்ட"ன்னேன். சிரிச்சான். ரெண்டு நிமிஷம் கழிச்சு கையில டீ கிளாஸை வச்சுக்கிட்டு திரும்பவும், அதே குரல்ல, "மச்சி, நாம ஜெயிச்சோமா?". எனக்கு கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஆட்டோ பிடிச்சு ஹாஸ்பிடல் போற வழில மூணாவது தடவை கேட்டான். இவனை இருபது நிமிஷம் ஆட விட்டது யாரு? அவனா? நாங்க பத்து பேரும் சுத்தி நின்னோமே.

பெரிய மைதானத்துலயும் இதேதான். 2014 உலகக்கோப்பைல இங்கிலாந்து கூட ஆடும்போது ஸ்டெர்லிங் முழங்கால் பட்டு உருகுவேயோட அல்வாரோ பெரேரா மைதானத்துலயே நினைவு தப்பிக் கிடந்தார், டீம் டாக்டர் மாத்தச் சொல்லி சைகை காட்டினார், எழுந்த பெரேரா அந்த டாக்டரையே திட்டி கைகாலை ஆட்டி உள்ள போயிட்டார். அப்ப "வீரன்டா"ன்னு கைதட்டினவங்க எத்தனை பேர். அதுக்கு முந்தின வருஷம் டாட்டன்ஹாம் கீப்பர் ஹ்யூகோ லோரிஸ் (இவர் வேற ஆள்), லுகாகு முழங்கால் பட்டு நினைவு தப்பினவர், எழுந்து அடம்பிடிச்சு ஆடினார், மேனேஜரும் விட்டுட்டார். நினைவு தப்பி எழுந்தவனோட அடத்துக்கு மதிப்பு கொடுக்கறது அவனுக்கு செய்யற மரியாதை இல்ல.

அதனால என் கணக்கு இது: அடிபட்டதுக்கப்புறம் நடந்த தப்புக்கு ஆட்டக்காரன் பதில் சொல்லலாம், ஆனா அடிபட்டதுக்கப்புறமும் அவன் களத்துல இருந்ததுக்கு அவன் பதில் சொல்ல முடியாது, அதுக்கு பதில் சொல்ல வேண்டியது பாத்துட்டிருந்த பெஞ்ச், டாக்டர், ரெஃப்ரி, விதியை எழுதறவங்க. ராமோஸ் வேணும்னே அடிச்சாரா இல்லையாங்கிறது தனி வழக்கு, வீடியோவை ஆயிரம் தடவை ஓட்டினாலும் அது தீராது. தெரியாம பட்டிருந்தாலும் மூளை அதே அளவுதான் குலுங்கியிருக்கும். ஆனா அறிக்கை வந்தப்புறம் அவர் அதைக் கிண்டல் பண்ணினதை மட்டும் என்னால இன்னும் ஏத்துக்க முடியல, என் வேர்வை பட்டு சளி பிடிச்சுதுன்னு ஃபிர்மினோ (அவரும் லிவர்பூல் ஆட்டக்காரர்) சொல்றதுதான் பாக்கின்னு சொன்னார். ஒருத்தனோட மூளைல பட்ட அடி அது.

விதி என்ன சொல்லுது

கிராமர், பெரேரா விஷயமெல்லாம் நடந்த அதே 2014ல, தலையில அடின்னு சந்தேகம் வந்தா ரெஃப்ரி மூணு நிமிஷம் வரைக்கும் ஆட்டத்தை நிறுத்தி டீம் டாக்டரைப் பாக்க விடலாம்னு ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்தற அமைப்பான யூஈஎஃப்ஏ விதி கொண்டு வந்துச்சு. 2018 கீவ்ல அந்த விதி இருந்துச்சு. கேரியஸ் விஷயத்துல அது பயன்படல, ரெஃப்ரி கண்ணுல அந்த முழங்கை படவே இல்ல.

2021 ஜனவரில இருந்து கன்கஷன் சப்ஸ்டிட்யூட்டை சோதனை முறைல ஆரம்பிச்சாங்க, பிப்ரவரில பிரீமியர் லீக்குக்கும் வந்துச்சு. தலையில அடின்னா வழக்கமான மாற்று கணக்குல சேராம தனியா ஒரு ஆளை மாத்திக்கலாம், ஆனா வெளிய போனவர் திரும்ப வர முடியாது. 2024ல இது நிரந்தர விதிப்புத்தகத்துலயே வந்துடுச்சு, அந்தந்தப் போட்டி நடத்தறவங்க விரும்பினா வச்சுக்கலாம். ஆனா ஆட்டக்காரங்க சங்கம் கேக்கறது வேற, ரக்பில பண்ற மாதிரி தற்காலிகமா ஒருத்தரை இறக்கிட்டு, அடிபட்டவரை உள்ள அழைச்சுட்டுப் போய் பத்து பன்னிரண்டு நிமிஷம் நிதானமா சோதிக்கணும்னு கேக்கறாங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது. எம்பதாயிரம் பேர் கத்தற இடத்துல, மேனேஜர் வாட்ச்சைப் பாத்துட்டு நிக்கும்போது, புல்தரைல முட்டி போட்டு மூணு நிமிஷத்துல ஒரு மூளையைப் பத்தி டாக்டர் என்னன்னு முடிவு பண்ணுவார்?

கிரிக்கெட்ல நமக்கு இது நேரடியாவே பழக்கம். 2020 டிசம்பர், கான்பெரா டி20, ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டுச்சு, அவருக்கு பதிலா சாஹல் இறங்கி 3 விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியா கோச் லாங்கர் மேட்ச் ரெஃப்ரிகிட்ட சண்டைக்கே போனார். நம்ம சேலம் நடராஜன் டி20ல இந்தியாவுக்கு முதல் தடவை ஆடின மேட்ச் அது, அதனால நம்ம ஊர்ல நிறைய பேருக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும். அன்னைக்கு நாம எல்லாரும் ஜடேஜா பக்கம் நின்னோம், பந்து பட்டதுக்கப்புறமும் ஆடினாரே, ஃபிசியோ கூட வரலையேன்னு சந்தேகப்பட்டவங்ககிட்ட, அறிகுறி லேட்டாதான் வரும்னு வகுப்பெடுத்தோம். அதே பாடம்தான் கேரியஸுக்கும்.

நம்ம டர்ஃப்ல என்ன பண்ணலாம்

ரொம்ப பெருசா ஒன்னும் வேண்டாம். தலை மோதினா, இல்ல உடம்புல பட்ட அடில தலை பலமா குலுங்கினா, ஆளை உக்கார வைங்க. விளையாட்டு டாக்டர்கள் கேக்கற கேள்விகள் ரொம்ப எளிசு: இப்ப எந்த இடத்துல இருக்கோம், இது எந்த ஹாஃப், கடைசியா யார் கோல் போட்டா, போன வாரம் யார் கூட ஆடினோம், அதுல ஜெயிச்சோமா? ஒன்னு தடுமாறினாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. எல்லாத்துக்கும் டக்கு டக்குனு பதில் சொன்னாலும் ஆடக்கூடாது, ஏன்னா ஸ்மித்துக்கும் மறுநாள்தான் வந்துச்சு. சந்தேகம்னாலே வெளியதான். வாந்தி, அதிகமாகிட்டே போற தலைவலி, தூங்கி விழறது, கைகால் மரத்துப் போறது, வலிப்பு, இதுல எது வந்தாலும் நேரா எமர்ஜென்சி. அன்னைக்கு ராத்திரி அவனைத் தனியா ரூமுக்கு அனுப்பாதீங்க, அவனை பைக் ஓட்டவும் விடாதீங்க. முதல் ஒன்னு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் நடை, அப்புறம் லேசான ஓட்டம், டாக்டர் சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் மேட்ச். முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது அடி விழறதுதான் நிஜமான ஆபத்து, பேஸ்மெண்ட் தண்ணி வடியறதுக்குள்ள அடுத்த மழை வர்ற மாதிரி.

எங்க பையனுக்கு ஸ்கேன் நார்மல்னுதான் வந்துச்சு. நாலு நாள் போன் வெளிச்சத்தைப் பாக்க முடியலைன்னான், ஆபீஸ்ல லீவ் சொல்லும்போது என்ன காரணம் சொல்றதுன்னு தெரியாம காய்ச்சல்னு சொன்னான். அடுத்த மூணு ஞாயித்துக்கிழமையும் டர்ஃபுக்கு வந்தான், பூட்ஸ் எடுத்துட்டு வரல. நெட்டுக்கு வெளிய பெஞ்ச்ல உக்காந்து ஸ்கோரை எண்ணிட்டிருந்தான், ஒவ்வொரு கோலுக்கும் சத்தமா சொன்னான்.